நடப்பு வாசிப்பைப் பகிர்தல்: தில்லியில் ஒரு தமிழ் வாசகர் வட்டம் அமைக்கும் முறை

1. நடப்பு வாசிப்பு என்னும் சொல்

ஒருவர் கையில் எடுத்து, சில பக்கங்களேனும் கடந்து, இன்னும் முடிக்காமல் வைத்திருக்கும் நூலையே இவ்வியல் 'நடப்பு வாசிப்பு' என்று குறிக்கிறது. முடித்த நூலைப் பற்றிச் சொல்வது மதிப்புரை. வாசிக்க எண்ணியிருக்கும் நூல்களைச் சொல்வது விருப்பப் பட்டியல். இவ்விரண்டுக்கும் நடுவே, நூலுக்குள் இருக்கும்போதே அதைப் பற்றிப் பிறரிடம் எடுத்துரைப்பது நடப்பு வாசிப்பைப் பகிர்தல் ஆகும். இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து நடத்தும் கூட்டங்கள் விரைவில் சிலர் பேசப் பலர் கேட்கும் உரையரங்குகளாக மாறிவிடுகின்றன என்பதால், வட்டம் அமைக்க முற்படுவோர் இவ்வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மதிப்புரை வழங்குபவர் ஒரு முடிவுக்கு வந்தவர். கேட்பவர் அம்முடிவை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், அதற்கு மேல் செய்வதற்கு அவருக்கு அதிகம் இல்லை. பாதி நூலில் இருப்பவரிடம் முடிவு ஏதும் இல்லாமல், எதிர்பார்ப்பும் ஐயமும் மட்டுமே இருப்பதால், அதே நூலை முன்பே வாசித்தவர் அவருக்குத் துணையாகவும், இனி வாசிக்கவிருப்பவர் அவருக்குப் பின்னால் வருபவராகவும் ஆக முடிகிறது. பல்லாண்டுகள் வாசித்துத் தேர்ந்தவரும் அண்மையில்தான் வாசிக்கத் தொடங்கியவரும் ஒரே வரிசையில் அமர்ந்து பேசக்கூடிய நிலையை இந்த முடிவின்மையே உண்டாக்குகிறது. இவ்வியல் கூறும் நடைமுறைகள் அனைத்தும் அந்நிலையைக் காப்பதற்காகவே வகுக்கப்பட்டவை.

கேள்வியில் பயன்படுத்தும் வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டியுள்ளது. தமிழில் 'படித்தல்' என்னும் சொல் நூலை வாசிப்பதையும் கல்வி கற்பதையும் ஒருங்கே குறிப்பதால், 'என்ன படிக்கிறீர்கள்?' என்று கேட்டால் பலர் பட்டத்தின் பெயரையோ தேர்வின் பெயரையோ விடையாகச் சொல்வர். குடிமைப் பணித் தேர்வுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து பழைய ராஜிந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களிடம் இவ்வாறு கேட்டால், அவர்கள் எடுத்துள்ள விருப்பப் பாடத்தின் பெயரே விடையாக வரும். எனவே அழைப்பிலும் கூட்டத்திலும் 'இப்போது என்ன நூல் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று முழுமையாகக் கேட்பது தெளிவு தரும். குடிமைப் பணித் தேர்வில் தமிழ் இலக்கியமும் ஒரு விருப்பப் பாடமாக இருப்பதால், தேர்வுக்காக ஒரு நூலைத் தொட்டவர் அதைத் தேர்வுக்கு அப்பாலும் தொடர்ந்து வாசிப்பதற்கு இக்கேள்வியே வழிகாட்டக்கூடும்.

2. தில்லியில் இதற்குள்ள முன்மரபு

தில்லியில் தமிழர் கூடி வாசிப்பைப் பற்றிப் பேசுவது புதிய முயற்சி அன்று. புதிதாக வட்டம் தொடங்குவோர் அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்திருந்தால், எதை மீண்டும் செய்யலாம், எதைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழியைச் சேர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1947 முதல் 1954 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் 1931இல் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் விதியை நிறைவேற்ற நூலகத்தின் அலமாரியும் பட்டியலும் பெரும்பாலும் போதுமானவை. அலமாரியில் கிடக்கும் ஒரு நூல் தன் வாசகரைத் தானே தேடிச் செல்ல இயலாது என்பதால், மூன்றாம் விதிக்கு அந்நூலின் பெயரை உரியவரின் காதில் போடும் மற்றொரு மனிதர் தேவைப்படுகிறார். நடப்பு வாசிப்பைப் பகிரும் வட்டம் செய்வது அந்தப் பணியையே.

யுனெஸ்கோ அமைப்பும் இந்திய அரசும் இணைந்து நிறுவ, 1951 அக்டோபர் 27 அன்று பிரதமர் ஜவஹர்லால் நேரு திறந்துவைத்த தில்லிப் பொது நூலகம், நூல் வழங்குவதோடு நில்லாமல் உரை, கலந்துரையாடல், நாடகம் போன்ற குழு நடவடிக்கைகளுக்கும் தொடக்கத்திலேயே இடமளித்தது. நூலகம் என்பது அமைதியாக அமர்ந்து வாசிக்கும் இடமாக மட்டும் இல்லாமல், வாசித்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமாகவும் இருக்க வேண்டும் என்னும் கருத்து, இவ்வாறு தலைநகரின் பொது வாழ்வில் முக்கால் நூற்றாண்டாக இருந்துவருகிறது.

தமிழைப் பொறுத்தவரை, 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும், 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து தொடங்கிய 'கணையாழி' இதழும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, நேஷனல் புக் டிரஸ்டில் பணிபுரிந்த ஆதவன், அகில இந்திய வானொலியின் பணிக்காகத் தில்லிக்கு வந்த தி. ஜானகிராமன், விமர்சகர் வெங்கட் சாமிநாதன் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இந்நகரில் வாழ்ந்து எழுதியவர்கள். 'கணையாழி'யின் கடைசிப் பக்கங்களை நெடுங்காலம் எழுதிய சுஜாதா, தாம் வாசித்துக்கொண்டிருந்தவற்றையும் அவற்றின் ஊடே வாசகரிடம் பகிர்ந்துகொண்டார். அப்பக்கங்களின் வழியாக ஒரு நூலின் பெயரை முதன்முதலாக அறிந்தவர் பலர்.

பிற்காலத்தில் பல ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்த க. நா. சுப்ரமண்யம், தமிழ் நூல்களை அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரைகளுக்குப் 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயரிட்டார். ஒரு நூலைப் பற்றி அறிவுரையாகவோ கட்டளையாகவோ சொல்லாமல், அருகில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வியாக அதை வைத்த அத்தலைப்பு, வாசகர் வட்டம் கைக்கொள்ள வேண்டிய தொனிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

'வாசகர் வட்டம்' என்ற சொற்சேர்க்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் எஸ். சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் சென்னையில் நடத்திய பதிப்பகத்தின் பெயர் அது; வாசகரை உறுப்பினராகச் சேர்த்து நூல்களை அவர்களிடம் நேரடியாகக் கொண்டுசேர்த்த அப்பதிப்பகம், தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', லா. ச. ராமாமிருதத்தின் 'புத்ர' போன்ற நாவல்களை வெளியிட்டது. இன்று அச்சொல் பொதுப்பெயராகி, கூடி வாசிப்போரின் எந்தக் குழுவையும் குறிக்கிறது. இவ்வியலிலும் அப்பொருளிலேயே வருகிறது.

3. ஆட்கள், இடம், காலம்

ஒரு வட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். பன்னிரண்டு பேர் தலைக்கு ஐந்து நிமிடம் பேசினால் அறுபது நிமிடமும், அதன்பின் நூல்களைக் கைமாற்றிக்கொள்ளவும் உரையாடவும் முப்பது நிமிடமும் ஆக, கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் ஒருவருக்குரிய நேரம் குறைந்து அவசரம் புகுந்துவிடுகிறது, அல்லது கூட்டம் நீண்டு தொலைவிலிருந்து வந்தவர்கள் இடையில் எழுந்து செல்ல நேர்கிறது. அந்நிலையில் வட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுவதே முறை.

தில்லித் தமிழர் ஒரே பகுதியில் வாழ்பவர்கள் அல்லர். ஆர்.கே.புரம், கரோல்பாக், ஜனக்புரி, மயூர் விஹார், துவாரகா, முனிர்கா எனப் பரந்தும், நொய்டா, குருகிராம் என மாநில எல்லை கடந்தும் அவர்கள் வாழ்வதால், நகர் முழுவதற்கும் ஒரே வட்டம் என்று தொடங்கினால் பயணத் தொலைவே அதன் பகையாகிவிடும். மெட்ரோ ரயிலில் ஒரே வழித்தடத்தில் வாழ்பவர்களையோ, ஒரே ஒருமுறை ரயில் மாறி வந்துசேரக்கூடியவர்களையோ ஒரு வட்டமாகச் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்தது. இவ்வாறு அமைந்த சிறு வட்டங்கள் ஆண்டுக்கு இருமுறை தில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற பொது இடத்தில் ஒன்றுகூடலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் 7 பள்ளிகள் மந்திர் மார்க், லோதி சாலை, ஜனக்புரி, பூசா சாலை, மோதிபாக், லட்சுமிபாய் நகர், ஆர்.கே.புரம் எனப் பரவியிருப்பதால், அங்குக் குழந்தைகளைச் சேர்த்துள்ள பெற்றோர் பள்ளியை ஒட்டியே தத்தம் வட்டத்தைத் தொடங்குவதும் எளிது.

காலத்தைக் குறிப்பதில் தில்லியின் பருவநிலையைக் கணக்கில் கொள்ளாத திட்டம் ஓராண்டுகூட நிலைக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காப் புல்வெளியில் பகல் முழுவதும் கூடலாம். மே, ஜூன் மாதங்களில் 'லூ' எனப்படும் வெப்பக்காற்று வீசுவதால் கூரையுள்ள இடத்தில், வெயில் தாழ்ந்தபின் கூடுவதே இயலும். நவம்பரில் காற்று மாசும், டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் காலை மூடுபனியும் இருப்பதால், அம்மாதங்களில் வீட்டுக்குள் நண்பகலுக்குப் பின் கூடுவது முதியவர்களுக்குப் பாதுகாப்பானது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்பதுபோல் நாளை மாற்றாமல் வைத்துக்கொண்டு, நேரத்தையும் இடத்தையும் மட்டும் பருவத்துக்கேற்ப மாற்றினால், யாரும் நாளை மறக்க மாட்டார்கள்.

பேசுவதற்கு முன் சற்று நேரம் சேர்ந்து அமைதியாக வாசிக்கும் வழக்கத்தையும் இணைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் தொடங்கிய மௌன வாசிப்புக் குழுக்களும், பெங்களூரின் கப்பன் பூங்காவில் தோன்றிய வாசிப்புக் கூடுகையும், அதைப் பின்பற்றித் தில்லியின் லோதி பூங்காவில் உருவான கூடுகையும் இம்முறையைப் பரவலாக்கியுள்ளன. வேலையும் பயணமும் வாசிப்பு நேரத்தைப் பறித்துவிட்ட மாதத்தில், கூட்டத்தின் முதல் அரைமணி நேரமே சிலருக்கு அம்மாதத்தின் முழு வாசிப்பாக அமையக்கூடும். ஒன்றும் வாசிக்கவில்லை என்ற கூச்சத்தால் வராமலிருப்பவர்களை அந்த அரைமணி நேரம் வரவழைத்துவிடுகிறது.

4. கூட்டத்தை நடத்தும் முறை

கூட்டத்தை நடத்திச் செல்பவர் இவ்வியலில் 'நெறியாளர்' எனப்படுகிறார். அவர் தலைவர் அல்லர். நேரத்தைக் கவனிப்பவர், பேசாதவரைப் பேச அழைப்பவர், பதிவேட்டை எழுதுபவர் என்ற மூன்று கடமைகளை மட்டும் உடையவர். மாதந்தோறும் ஒருவர் என இப்பொறுப்பு சுழல வேண்டும். அமைச்சகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் பணிபுரிவோர் மிகுந்த நகரம் இது என்பதால், அலுவலகத்தின் படிநிலை வட்டத்துக்குள்ளும் தன்னையறியாமல் நுழைந்துவிடுகிறது. உயர் பதவியில் இருப்பவரை முதலில் பேச அழைப்பதும், அவர் பேசும்போது கடிகாரத்தைப் பாராதிருப்பதும் அதன் அடையாளங்கள். வயது கருதி 'சார்' என்றும் 'அம்மா' என்றும் 'மாமா' என்றும் அழைப்பது தில்லித் தமிழரின் இயல்பான மரியாதை, அது தொடரலாம். பதவிப் பெயரால் அறிமுகம் செய்வதை மட்டும் தவிர்த்து, பெயரையும் கையிலுள்ள நூலையும் சொல்வதே அறிமுகம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பேசும் வரிசையை அமர்ந்திருக்கும் ஒழுங்கின்படி அமைத்து, ஒவ்வொரு மாதமும் வேறொரு முனையிலிருந்து தொடங்குவது மற்றோர் எளிய வழி.

ஐந்து நிமிடத்தில் ஒருவர் சொல்ல வேண்டியவை பின்வருமாறு:

அ. நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாயின் மூலமொழியும் மொழிபெயர்ப்பாளர் பெயரும். மொழிபெயர்ப்பாளரின் பெயரைச் சொல்லாமல் விடும் வழக்கம் பரவலாக இருப்பதால், இதை நெறியாளர் தவறாமல் கேட்டுப் பெற வேண்டும்.

ஆ. நூல் தம் கைக்கு எவ்வாறு வந்தது என்பது; இரவல், நூலகம், பரிசு, பழைய புத்தகக் கடை என எதுவாயினும், அதைக் கேட்பவர்கள் அவ்வழியைத் தாமும் பயன்படுத்த இயலும்.

இ. இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்பது. பக்க எண்ணாகவோ, நூலின் எத்தனையாவது பகுதி என்றோ குறிப்பிடலாம்.

ஈ. அதுவரை வாசித்ததில் தம்மை நிறுத்திய ஓர் இடம். ஒரு காட்சி, ஒரு சொல், ஒரு தகவல் என எதுவாகவும் இருக்கலாம், ஆயின் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

உ. நூலிடம் தமக்குள்ள ஒரு கேள்வி. அதாவது, இனி வரும் பக்கங்களில் எதை அறிய விரும்புகிறார் என்பது.

இவற்றில் ஐந்தாவதே இம்முறையின் உயிர். குர்ரதுலைன் ஹைதர் உருது மொழியில் எழுதி, தமிழில் 'அக்னி நதி' என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நாவலை ஒருவர் பாதியளவு வாசித்திருப்பதாகக் கொள்வோம். பண்டைய இந்தியாவில் தொடங்கி நாட்டுப் பிரிவினைக்குப் பிந்திய காலம்வரை விரியும் அந்நாவலில், கௌதமன், சம்பகா என்பன போன்ற பெயர்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு மனிதர்களாக மீண்டும் தோன்றுகின்றன. நாவலை முடித்தவர் இதை ஒரு கதை உத்தி என்று இரண்டு சொற்களில் கடந்துவிடுவார். நடுவில் நிற்பவரோ, இவர்கள் அதே மனிதர்கள்தானா, பெயர் மட்டும் தொடர்வது ஏன் என்ற குழப்பத்தையே வட்டத்தின் நடுவில் வைப்பார். அக்குழப்பத்தைக் கேட்ட ஒருவருக்கு, விடையை அறிய அந்நாவலைத் தாமே வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதே காரணத்தால், நூலை முன்பே முடித்தவர் எவரும் கதையின் முடிவைக் கூட்டத்தில் வெளியிடாதிருப்பது கட்டாய விதியாக வேண்டும். 'தொடர்ந்து வாசியுங்கள், அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்' என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

5. பதிவேடு

ஒவ்வொரு வட்டமும் கோடிட்ட நீளக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நாள், வாசிப்பவர், நூல், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், வாசித்து முடித்த பக்கம், வாசகரின் கேள்வி, பிரதி எங்கிருந்து வந்தது, அடுத்து யார் கையில் செல்கிறது என்னும் பத்துப் பத்திகள் அதில் இருந்தால் போதும். கைப்பேசிக் குழுவில் நூல் அட்டையின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அதுவே பதிவு என்று விட்டுவிடும் வழக்கம் இப்போது பரவியுள்ளது; அங்கு வரும் நூறு செய்திகளுக்கு நடுவே நூற்பெயர்கள் புதைந்துவிடுகின்றன என்பதாலும், அட்டைப் படம் வாசகரின் கேள்வியைத் தாங்கி வராது என்பதாலும், குறிப்பேட்டுக்கு அது மாற்றாகாது.

பதிவேட்டின் மற்றொரு பயன் நூல் காணாமற்போவதைத் தடுப்பது. இரவல் கொடுத்த நூல் திரும்பாததால் முறிந்த நட்புகள் வாசகர் உலகில் குறைவல்ல. கொடுத்தவரின் பெயரையும் திருப்பித் தர வேண்டிய நாளையும் எழுதிய சீட்டு ஒன்றை நூலின் உள்ளட்டையில் வைப்பதும், இரண்டு கூட்டங்களுக்கு மேல் ஒரு நூலைத் தம்மிடம் வைத்திருப்பவரிடம் நெறியாளரே பொதுவில் கேட்பதும், கொடுத்தவர் தாமே கேட்க நேரும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

6. தில்லியில் தமிழ் நூல் பெறும் வழிகள்

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் இருப்பதுபோல் தமிழ்ப் புத்தகக் கடைகள் தில்லியில் இல்லாததால், இங்கு ஒருவர் கையிலுள்ள பிரதியே மற்றவர்களுக்குப் புத்தகக் கடையாகவும் நூலகமாகவும் அமைகிறது. இருப்பினும் வட்டம் அறிந்திருக்க வேண்டிய பொது வழிகள் சில உள்ளன.

ஆர்.கே.புரத்திலுள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் முதலாவது. பெரோஸ்ஷா சாலையில் ரவீந்திர பவனத்தில் இயங்கும் சாகித்திய அகாதெமியின் நூலகம் அடுத்தது. 1954இல் தொடங்கப்பட்ட அகாதெமி 24 மொழிகளில் பணியாற்றுவதால், தமிழ் நூல்களோடு பிற இந்திய மொழி நூல்களையும் அங்கு ஒருசேரக் காணலாம். உறுப்பினர் விதிகளும் திறந்திருக்கும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், வட்டத்தில் ஒருவர் நேரில் சென்று கேட்டறிந்து பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டவை. பிற இந்திய மொழிகளிலிருந்து தமிழுக்கு அவை கொணர்ந்த நாவல்கள் தமிழ் வாசகரின் உலகையே விரிவாக்கியவை. தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் வங்க நாவலை த. நா. குமாரஸ்வாமி தமிழாக்கிய 'ஆரோக்கிய நிகேதனம்', அதீன் பந்தோபாத்யாயாவின் வங்க நாவலை சு. கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கிய 'நீலகண்ட பறவையைத் தேடி' ஆகியவை அவ்வாறு வந்தவை. இந்நூல்கள் தில்லி வட்டத்துக்குத் தனிப்பயன் உடையவை: பக்கத்து வீட்டு வங்காளியோ பஞ்சாபியோ தம் மொழியில் வாசித்த அதே நாவலைத் தமிழர் தமிழில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, நடப்பு வாசிப்பைப் பற்றிய பேச்சு வட்டத்தைத் தாண்டி அடுக்ககத்தின் மாடிப்படிக்கும் செல்கிறது.

நேஷனல் புக் டிரஸ்ட் 1972இல் தொடங்கிய புதுதில்லி உலகப் புத்தகக் கண்காட்சி, தமிழ்ப் பதிப்பகங்கள் தலைநகருக்கு வரும் வாய்ப்பாகும். முதலில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த அது 2013 முதல் ஆண்டுதோறும் பிரகதி மைதானத்தில் நடைபெற்றுவருகிறது. ஓராண்டுக்கான கேள்விகள் அனைத்தும் பதிவேட்டில் இருப்பதால், வட்டத்தினர் அதைக் கையில் கொண்டு சேர்ந்து சென்று, ஒரே நூலை இருவர் வாங்காமல் பங்கிட்டு வாங்கிவருவது சிக்கனமும் ஆகும். தரியாகஞ்சின் நடைபாதையில் பல்லாண்டுகள் நடந்து, 2019இல் அசஃப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட்டுக்கு மாறிய ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் ஆங்கில, இந்தி நூல்களே மிகுதி என்றாலும், ஆங்கில மொழிபெயர்ப்புகளை மலிவாகப் பெற அது ஏற்ற இடம்.

அச்சுப் பிரதி கிடைக்காத பழைய நூல்களுக்கு, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உதவும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளையும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நிறைவுற்ற படைப்புகளையும் தடையின்றிப் பகிரலாம். மற்ற நூல்களை முழுமையாக நகலெடுத்தோ மின்படியாக்கியோ சுற்றுக்கு விடுவது சட்டத்துக்கும், எழுத்தாளருக்கு வாசகர் காட்ட வேண்டிய நன்றிக்கும் புறம்பானது. ஒரே பிரதி பன்னிரண்டு கைகளுக்குச் செல்வதில் அத்தகைய குறை ஏதும் இல்லை.

7. தமிழ் எழுத்தறியாத தமிழர்

தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்தை வாசிக்கத் தெரியாத தமிழர் தில்லியில் பலர் உள்ளனர். இங்கேயே பிறந்து இந்தி வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்ற இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரும், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்து திரிலோக்புரி, ஜங்புரா போன்ற பகுதிகளில் குடியேறிய உழைக்கும் குடும்பத்தினர் பலரும் இதில் அடங்குவர். இவர்களை விலக்கிவிட்டு நடக்கும் வட்டம் ஒரு வகுப்பாரின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும் என்பதால், 'உரத்த வாசிப்பு' என்னும் முறையைக் கூட்டத்தின் நிலையான உறுப்பாக வைக்க வேண்டும். உரத்த வாசிப்பு என்பது, ஒருவர் தம் நடப்பு வாசிப்பிலிருந்து இரண்டு பக்க அளவிலான பகுதியைப் பிறர் கேட்க வாசிப்பது. நாடகப் பாங்கான குரல் மாற்றங்கள் அதற்குத் தேவையில்லை, நிதானமும் தெளிவும் போதும்.

ஊரில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் பாரதக் கதைகளையும் ஒருவர் வாசிக்கத் திண்ணை முழுவதும் அமர்ந்து கேட்ட மரபு தமிழருக்கு உண்டு. எழுத்தறியாதவரும் அங்கு முழு வாசகராகவே கருதப்பட்டார். அதே மதிப்போடு, ஒலிநூலாகக் கேட்டதையும், இந்தியில் வாசித்ததையும், பாட்டி சொல்லக் கேட்ட நெடுங்கதையையும் நடப்பு வாசிப்பாக ஏற்றுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேசும் மொழி தமிழாக இருக்கட்டும். வாசிக்கும் நூல் எம்மொழியிலும் இருக்கலாம்.

8. இடர்களும் தீர்வுகளும்

முதல் இடர், மாதக்கணக்கில் ஒரே நூலில் நின்றுவிட்டவரின் கூச்சம். நூலைப் பாதியில் கைவிட்டதாக ஒருவர் சொன்னால், அதையும் ஒரு பகிர்வாகவே கொண்டு, எந்தப் பக்கத்தில், எதனால் நின்றது என்று கேட்க வேண்டும். ஒருவரை நிறுத்திய அதே இடம் மற்றொருவரை ஈர்க்கக்கூடும் என்பதால், கைவிடப்பட்ட நூல்கள் பல வட்டத்திலேயே தம் வாசகரைக் கண்டடையும்.

இரண்டாவது இடர், எதை வாசிப்பது உயர்ந்தது என்ற தரப்படுத்தல். தொடர்கதை, துப்பறியும் நாவல், ஆன்மிக நூல், சமையல் நூல் எதுவாயினும் வட்டத்தில் சம நேரம் பெற வேண்டும். முகச்சுளிப்பு ஒன்றே ஒரு புதிய வாசகரை என்றென்றைக்கும் அனுப்பிவிடும். மூன்றாவது இடர், நூலைவிட்டு அரசியலுக்கோ அலுவலகச் செய்திக்கோ பேச்சு நழுவுவது. அந்நிலையில் நெறியாளர் 'எந்தப் பக்கத்தில்?' என்று கேட்டால் பேச்சு தானாகவே நூலுக்குத் திரும்பும்.

நான்காவதும் தில்லிக்கே உரியதுமான இடர், பணியிட மாற்றம். மத்திய அரசு ஊழியர்களின் இடமாற்றங்கள் பெரும்பாலும் பள்ளி ஆண்டு முடியும் கோடைக்காலத்தில் நிகழ்வதால், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் வட்டத்தின் முக்கிய உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் நகரைவிட்டு நீங்க நேரும். இதை எதிர்பார்த்து, மார்ச் மாதக் கூட்டத்திலேயே இரவல் நூல்கள் அனைத்தையும் உரியவரிடம் சேர்த்துவிட்டு, ஒவ்வொருவரும் கோடைக்கு முன் ஒரு புதியவரையேனும் அழைத்துவருவது என்று முடிவுசெய்யலாம். விடைபெறுபவரிடம் நினைவுப் பரிசாகப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர் கையிலுள்ள நடப்பு வாசிப்பைப் பதிவேட்டில் கடைசியாக ஒருமுறை எழுதச் செய்வதும், அதன் கேள்விக்கு விடை கண்டதும் புதிய ஊரிலிருந்து கடிதமாக எழுதுமாறு கேட்டுக்கொள்வதும் பொருத்தமான வழியனுப்பல் ஆகும்.

9. வட்டத்தை அளவிடுதல்

ஓராண்டு முடிவில் வட்டம் தன்னைத் தானே ஆராய்ந்துகொள்ள வேண்டும். எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கைகள் நிர்வாகத்துக்கு உதவலாம். அவற்றைக் கொண்டு வாசிப்புப் பரவியதா என்பதை அறிய இயலாது. அதற்குப் பதிவேட்டின் பத்தாவது பத்தியைப் பார்க்க வேண்டும். 'அடுத்து யார் கையில்' என்ற அப்பத்தி பெரும்பாலும் வெறுமையாக இருந்தால், உறுப்பினர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மரியாதைக்காகக் கேட்டிருக்கிறார்கள் என்பது பொருள். அவ்வாண்டு ஐந்து நிமிடப் பேச்சுகளில் கேள்விகள் குறைந்து முடிவுகள் மிகுந்திருந்தனவா என்று நெறியாளர்கள் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அப்பத்தியில் பெயர்கள் நிறைந்து, ஒரே நூலுக்கு எதிரே மூன்றாவது, நான்காவது கையெழுத்துகள் தொடர்ந்திருந்தால், ரங்கநாதனின் மூன்றாம் விதி அந்தச் சிறு வட்டத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். புதிய ஆண்டின் முதல் கூட்டத்தில், அதிகமான கைகளுக்குச் சென்ற நூலின் வரிசையை உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, அதன் கடைசி வாசகரையே முதலில் பேச அழைப்பது நல்ல தொடக்கமாக அமையும்.